சனிக்கிழமைக் கிரீஸ்

கிழக்கு வெளுப்பதற்குள் டிரெய்லரை மாட்டிவிட வேண்டும். இரவெல்லாம் பனியில் கிடந்த இரும்பு, தொட்ட கையை விடாமல் கடித்தது. ஒப்துலியா அதன் மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்க, எலிசெயோ பிக்கப்பைப் பின்னால் நகர்த்திக்கொண்டு வந்தான். டிரெய்லரின் குழிந்த மூக்கு, பிக்கப்பின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் குண்டின் மேல் கச்சிதமாக உட்கார வேண்டும். விரற்கடை தப்பினாலும் மறுபடி முதலிலிருந்து. ஒருவழியாக உட்கார்ந்ததும் அவள் பூட்டைத் தள்ளி, சங்கிலிகளைக் குறுக்காக மாட்டி, மின்சார வயரின் பிளக்கைப் பொருத்திவிட்டு நிமிர்ந்தாள். இடுப்பு தனியாகக் கழன்று விழுந்துவிடும்போல் இருந்தது. நாள் இன்னும் தொடங்கவே இல்லை.

மக்காரியோ இரண்டாவது புல்வெட்டி வண்டியைச் சாய்பலகை வழியாக ஏற்றிக்கொண்டிருந்தார். உட்கார்ந்து ஓட்டுகிற கனத்த வண்டி. அது ஏற ஏற டிரெய்லரின் இரண்டு டயர்களும் பக்கவாட்டில் பிதுங்கின.

"பாவம், ரெட்டைப் புள்ளை சுமக்குறா," என்று டிரெய்லரின் விலாவைத் தட்டிக்கொடுத்தார் மக்காரியோ. ஐம்பதைத் தாண்டியவர், எதையும் கேலி பேசாமல் கடக்கத் தெரியாதவர். அன்று யாரும் சிரிக்கவில்லை.

அந்த டிரெய்லர் ஒரு புல்வெட்டிக்காகச் செய்தது. போன வருஷம் வரை இரண்டு பிக்கப், இரண்டு டிரெய்லர், இரண்டு குழு இருந்தன. இந்த வசந்தத்தில் முதலாளி ஃபெர்மின் ஒரு செட்டை விற்றுவிட்டு மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பினார். மலைமேல் விடுமுறை வீடு கட்டிக்கொண்டவர்களின் புல் மட்டும் பாதியாகக் குறையவில்லை. ஆள் பாதி, வேலை முழுசு, கூலி பழையதிலும் ஒரு படி கீழே. கேட்டால் டீசல் விலையைக் காட்டுவார்.

ஃபெர்மினும் இவர்களைப் போலவே எல்லைக்கு அப்பால் இருக்கும் மிச்சோவகான் மாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவர்தான். இருபது வருஷத்துக்கு முன் அவரும் இதே மலையில் புல்வெட்டியின் பின்னால் நடந்தவர். அதனால் தன்னை முதலாளி என்று கூப்பிடக்கூடாது, அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பார். எல்லாரும் ஒரே மண்ணாம். அண்ணன் என்று கூப்பிட்டதற்காக எந்தத் தம்பிக்கும் கூலி ஏறியதாகச் சரித்திரம் இல்லை.

எலிசெயோ பிளக்கை இன்னொரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு ஏறினான். ஒரு மாதமாகவே அவன் அந்தப் பிளக்கை நம்பவில்லை. பிக்கப்பில் பிரேக்கை மிதித்தால் வயர் வழியே மின்சாரம் டிரெய்லரின் சக்கரங்களுக்குப் போகும். அங்கே சக்கரத்தோடு சுழலும் டிரம் என்கிற இரும்புக் கிண்ணத்துக்குள் இருக்கும் காந்தம் விழித்துக்கொண்டு டிரம்மைக் கவ்வி, பிரேக் ஷூ என்கிற தேய்ப்புக் கட்டைகளை அதன் மேல் அழுத்தும். டிரெய்லர் தன் கனத்தைத் தானே நிறுத்திக்கொள்ளும். அப்படித்தான் நடக்க வேண்டும். ஆனால் இப்போதெல்லாம் மிதித்தால் டிரெய்லர் பின்னாலிருந்து முதுகைத் தள்ளியது. இரண்டு தடவை ஃபெர்மினிடம் போய்ச் சொல்லிவிட்டான். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் குமிழைத் திருகு, காந்தத்துக்கு மின்சாரம் கூடும் என்று சொல்லி அனுப்பினார். திருகினான். குமிழ் போகும் கடைசி எண்ணுக்கே போய் நின்றுவிட்டது. அதற்கு மேல் திருக எதுவும் இல்லை.

அன்று சனிக்கிழமை. விடுமுறை வீடுகள் இருக்கும் லாரல் மேட்டில் வேலையை முடித்து இறங்கும்போது உச்சிவெயில். அந்த இறக்கம் நேராக இருக்காது. பாம்பு புரளுவது மாதிரி வளைந்து வளைந்து இறங்கும், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். முதல் வளைவில் பிக்கப்பின் பிரேக் முனகியது. இரண்டாவது வளைவில் கருகிய வாசனை ஜன்னல் வழியே வந்தது. பின்சீட்டில் இருந்த ஒப்துலியா, எலிசெயோவின் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்தாள். அவன் குமிழுக்குப் பக்கத்திலிருந்த கைப்பிடியை இழுத்துப் பிடித்தான். டிரெய்லரை மட்டும் தனியாக நிறுத்துவதற்கான கைப்பிடி அது. டிரெய்லர் நிற்கவில்லை.

"இழுக்கல," என்றான் எலிசெயோ. "அக்கா, நல்லா பிடிச்சுக்குங்க."

அதற்குள் டிரெய்லர் பக்கவாட்டில் ஒதுங்கி பிக்கப்பின் வாலைத் தள்ளத் தொடங்கிவிட்டது. பள்ளத்துப் பக்கம் போவதா பாறைப் பக்கம் போவதா என்பதற்கு மேல் அவனுக்கு முடிவெடுக்க ஒன்றும் மிச்சமில்லை. பாறைப் பக்கம் ஒரு வீட்டின் கல்சுவர் இருந்தது. ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியை அதில் உரசிக்கொண்டே போனான். கல்லும் தகரமும் உரசிய அந்தச் சத்தம் ஒப்துலியாவின் பல்லில் இறங்கியது. வண்டி நின்றபோது முன்சீட்டில் மக்காரியோ தன் இடது மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, அது தன்னுடையது இல்லை என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபெர்மின் வந்தார். முதலில் புல்வெட்டிகளைச் சுற்றிப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் மக்காரியோவின் கை கண்ணில் பட்டது. ஆஸ்பத்திரியில் கேட்டால் வீட்டுப் படியில் தடுக்கி விழுந்ததாகச் சொல்லுங்கள், உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன் என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

எலிசெயோவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படியே பேசினார்.

"வேகமா வந்திருக்க. இன்ஷூரன்ஸ்காரனுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கேன். திங்கக்கிழமையிலேர்ந்து நீ வர வேண்டாம். வேற ஆள் ஓட்டுவான்."

"வேகமா வரலண்ணே. பிரேக் பிடிக்கல. நான் உங்ககிட்ட ரெண்டு தடவை..."

"பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஓட்டத் தெரியாதவனுக்கு ரோடு கோணல்."

வேலை போனவனே அந்த டிரெய்லரை இழுத்துக்கொண்டு, நடைவேகத்தில், டயர் கடைக்குப் பின்னால் வண்டிகளை நிறுத்தும் கொட்டடி வரை கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. குழுவில் ஓட்டுநர் உரிமம் உள்ளவன் அவன் ஒருவன்தான். வேகமாக வந்து சுவரில் இடித்தவன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் இந்த வட்டாரத்தில் இனி எவனும் அவன் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்க மாட்டான். ஒப்துலியாவுக்கு அதைவிட வேறொன்று நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. திங்கட்கிழமை காலை யாரோ ஒருவன் இதே டிரெய்லரை அதே மேட்டுக்குக் கொண்டுபோவான். பின்சீட்டில் அவளும் இருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. கொட்டடிக் கதவின் சாவி அவளிடம் இருந்தது, வாரநாட்களில் முதலில் வந்து திறப்பவள் அவள்தான். எலிசெயோவை வரச் சொன்னாள். மக்காரியோ கூப்பிடாமலே மாவுக்கட்டுப் போட்ட கையோடு வந்து நின்றார்.

"வயர்தான் அறுந்திருக்கும்," என்றான் எலிசெயோ. பிளக்கைக் கழற்றி ஊசிமுனைகளை உப்புத்தாளால் தேய்த்தான். வயரைக் கையால் தடவிக்கொண்டே டிரெய்லரின் அடிவயிறு வரை ஊர்ந்துபோனான். எங்கும் அறுபடவில்லை. சட்டத்தோடு இணைத்திருந்த எர்த் வயரைக் கழற்றித் துரு சுரண்டி மறுபடி முடுக்கினான். வண்டியைக் கொஞ்சம் நகர்த்திக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தால் பழைய கதைதான். ஒவ்வொரு தடவையும் நம்பிக்கையோடு எழுந்தவன் ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்று இளைத்து உட்கார்ந்தான்.

மக்காரியோவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. காந்தம் உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா என்று திசைகாட்டியைக் கேட்டால் சொல்லிவிடாதா? அவர் போனில் திசைகாட்டி இருந்தது. வடக்கு எது என்று தெரியாமல் இதுவரை அவர் எங்கும் தொலைந்துபோனதில்லை, ஆனாலும் இருந்தது. சக்கரத்தின் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு, இழு என்றார். எலிசெயோ பிக்கப்புக்குள் உட்கார்ந்து கைப்பிடியை இழுத்ததும் முள் துள்ளிச் சக்கரத்தின் பக்கம் திரும்பியது. விட்டால் வடக்குக்கே போனது. இரண்டு சக்கரத்திலும் அப்படியே.

"காந்தம் நம்மளை மாதிரி. கூப்பிட்டா உடனே எழுந்திருச்சு வேலைக்கு வருது," என்றார். "அப்புறம் ஏன் நிக்க மாட்டேங்குது?"

ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தைத் தூக்கினார்கள். ஒப்துலியா அதைச் சுழற்றிவிட்டாள். கைப்பிடியை இழுத்ததும் சக்கரம் மெதுவானது, நின்றது. நின்ற சக்கரத்தை அவள் ஒற்றைக் கையால் தள்ளினாள். பிரேக் பிடித்திருக்கும்போதே அது சுழன்றது. இதை நம்பியா அந்த மலையில் ஏறி இறங்கினோம்?

டயரைக் கழற்றி, நடு மூடியைத் தட்டியெடுத்து, நட்டைக் கழற்றி டிரம்மை உருவினார்கள். உள்ளே ஷூ எது, காந்தம் எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே கிரீஸ். வெண்ணெய்ச் சட்டிக்குள் கைவிட்ட மாதிரி கொழகொழவென்று, பிரேக் தூளில் கறுத்து, அங்கங்கே இன்னும் சிவப்பாக. அந்தச் சிவப்பை மூவருக்கும் தெரியும்.

சனிக்கிழமைதோறும் வேலை முடிந்ததும் சக்கரங்களுக்குக் கிரீஸ் அடிக்க வேண்டும் என்பது ஃபெர்மினின் உத்தரவு. மெக்கானிக்கைவிடக் கிரீஸ் மலிவு என்று ஒரு பெட்டி நிறைய சிவப்புக் கிரீஸ் டப்பாக்களை வாங்கிப் போட்டிருந்தார். அன்று காலை கடைசியாக வந்தவர்தான் அடிக்க வேண்டும் என்பது இவர்களாக வைத்துக்கொண்ட வழக்கம். மற்றவர்கள் சோடாவைக் குடித்துக்கொண்டு சுற்றி நின்று கிண்டல் செய்வார்கள். இன்னொரு அழுத்து, உன் மாமியாரை நினைச்சு அழுத்து என்று மக்காரியோ கத்துவார். ஃபெர்மினும் சிலநாள் நின்று சிரித்துவிட்டுப் போயிருக்கிறார். வண்டிக்குச் செய்கிற உபசாரம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சக்கரம் சுழலும் பேரிங்குக்கு வேண்டியது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் வாராவாரம் பின்பக்கத்தில் இருக்கும் சீல் என்கிற ரப்பர் அடைப்பைப் பிளந்துகொண்டு பிரேக்குக்குள் இறங்கியிருக்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்த மாதச் சனிக்கிழமைகளில் பெரும்பாலும் கடைசியாக வந்து கிரீஸ் அடித்தவள் ஒப்துலியாதான். கொட்டடியைத் திறக்கும் வேலை சனிக்கிழமை மட்டும் அவளுக்குக் கிடையாது. மகளை உறவுக்காரி வீட்டில் விட்டுவிட்டு வருவதற்குள் எல்லாரும் வந்திருப்பார்கள்.

"மூடிடுவோம்," என்றார் மக்காரியோ. குரலில் கேலி இல்லை. "பெட்ரோல் ஊத்தித் துடைச்சு மூடிடுவோம். வயர் லூசா இருந்துச்சு, சரி பண்ணிட்டோம்னு சொல்லுவோம். இதைப் பார்த்தா அந்தாளு நம்ம தலையிலதான் கட்டுவான். எலிசெயோ ஒருத்தன் போனது போதாதா, எல்லாரும் போகணுமா?"

ஒப்துலியாவுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. மூடிவிட்டால் போதும், பார்க்காத மாதிரி இருந்துவிடலாம் என்று மனசு அடித்துக்கொண்டது. பழந்துணியைப் பெட்ரோலில் முக்கி ஷூவை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். சாம்பல் நிறமாகக் காய்ந்தது. நல்லாயிருக்கே என்று எலிசெயோ குனிந்தான். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஷூவின் துளைகளிலிருந்து கிரீஸ் மெல்லக் கசிந்து மறுபடி மினுங்கியது. இன்னொரு முறை துடைத்தாள். இன்னொரு முறை கசிந்தது.

அவள் துணியைத் தூக்கி எறிந்தாள். "இது உள்ள வரைக்கும் குடிச்சிருச்சு அண்ணே. துடைச்சா நம்ம மனசுதான் சுத்தமாகும், பிரேக் ஆகாது. நாளைக்கு எவனோ ஒருத்தன் நம்மளை நம்பி ஓட்டுவான்."

"அப்ப என்ன செய்யச் சொல்ற?"

"இன்னொரு சக்கரத்தையும் கழட்டுவோம். ரெண்டையும் தொறந்தே வெப்போம். நாமதான் அடிச்சோம்னு நாமளே சொல்லுவோம். ஷூவும் சீலும் புதுசா போடுற வரைக்கும் யாரும் மாட்ட வேண்டாம்."

மக்காரியோ தன் மாவுக்கட்டைப் பார்த்தார். எலிசெயோ, தனக்காக யாரும் வேலையை இழக்க வேண்டாம் என்று ஏதோ சொல்ல வந்தான். உனக்காக யார் சொன்னது, நான் பின்சீட்டில் உட்காருகிறவள் என்று அவள் அவன் வாயை அடைத்துவிட்டாள். இரண்டாவது சக்கரமும் கழன்றது. அதிலும் சிவப்புதான்.

அன்றிரவு யாரும் ஒழுங்காகத் தூங்கியிருக்க மாட்டார்கள். திங்கட்கிழமை விடியலில் ஃபெர்மின் வந்தபோது டிரெய்லர் ஜாக்கிகளின் மேல் நின்றது. அதன் முன்னால், ஒரு பழைய பலகையில், மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் இறங்கி வந்து டிரம்மைப் பார்த்தார். முட்டாளில்லை, பார்த்ததும் புரிந்துவிட்டது. பழியைப் போட ஆள் கிடைத்த நிம்மதி அவர் முகத்தில் பரவியதை ஒப்துலியா கவனித்தாள்.

"யாரு அடிச்சது இவ்வளவு கிரீஸ்?"

"எல்லாரும் அடிச்சோம், முதலாளி," என்றாள் அவள்.

அந்த வார்த்தை அவரைச் சுட்டது. "முதலாளியா? எப்பலேர்ந்து?"

"சனிக்கிழமையிலேர்ந்து."

"நான் கொஞ்சமா அடிங்கன்னுதான் சொன்னேன். நீங்க டப்பா டப்பாவா காலி பண்ணி என் வண்டியை நாசம் பண்ணியிருக்கீங்க. இப்ப என்கிட்டயே நியாயம் பேச உக்காந்திருக்கீங்களா?"

"ஆமா, அடிச்சது எங்க தப்புதான்," என்றாள் ஒப்துலியா. "அதை நாங்க தொறந்து வெச்சிருக்கோம், பாருங்க. ஒரு வண்டிச் சுமைக்கு ரெண்டு வண்டிச் சுமை ஏத்தினது யார் தப்பு? பிரேக் இழுக்கலைன்னு இவன் வந்து சொன்னப்ப, வந்து பார்க்காம குமிழைத் திருகச் சொன்னது யார் தப்பு? அதையும் நீங்க தொறந்து வைங்க."

ஃபெர்மின் கொஞ்சநேரம் காலால் மண்ணைக் கீறினார். பிறகு குரலைத் தாழ்த்தி, பழைய அண்ணனாக மாறினார். ஷூ வாங்கிவிடலாம், இன்று ஒருநாள் மட்டும் மெதுவாகப் போய்வந்துவிடுங்கள் என்றார். எலிசெயோவைப் பற்றிப் பேச்சே இல்லை. அவள் தலையாட்டவில்லை என்றதும் பக்கத்தில் வந்து நின்றார்.

"இது பெருசாச்சுன்னா போலீசு வருவான். வந்தா பிரேக்கை மட்டும் பார்க்க மாட்டான், ஒவ்வொருத்தர் பேப்பரையும் பார்ப்பான். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் ஒப்துலியா."

இந்த நாட்டில் தங்குவதற்கான பேப்பர் அவளிடம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் வேலைக்கு வைத்தார்.

"பேப்பர் இருக்கிறவன் அந்தப் பள்ளத்துல விழுந்தாலும் பொணம்தான், இல்லாதவ விழுந்தாலும் பொணம்தான் முதலாளி. போலீசைக் கூப்பிடுங்க. ஜாக்கியை இறக்க மாட்டோம்."

மக்காரியோ எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். "அப்படியே ஆஸ்பத்திரிக்கும் ஒரு போன் போடுங்க. படியில விழலைன்னு நான் மாத்திச் சொல்லணும்."

ஃபெர்மின் போன் போடவில்லை. பெட்ரோல் பங்கில் விடியற்காலையிலிருந்து வேலைக்குக் கால்கடுக்க நிற்பவர்கள் இருக்கிறார்கள், உங்களை நம்பி நான் இல்லை என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். மூவரும் மறுபடி பலகையில் உட்கார்ந்தார்கள். அவர் திரும்பி வந்தபோது வண்டியின் பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் ஒல்லியாக, சிவப்புத் தொப்பி. இன்னொருவன் அவனைவிட வயது குறைந்தவன். கையில் மதியச் சாப்பாட்டுப் பை. அந்தப் பையைப் பார்த்ததும் ஒப்துலியாவுக்கு நம்பிக்கை அறுந்தது. பசித்தவனிடம் போய் என்ன நியாயம் பேசுவது?

"டிரெய்லர் ஓட்டத் தெரியும்னு சொன்னியே. இதுதான். சக்கரத்தை மாட்டிட்டுக் கிளம்பு," என்றார் ஃபெர்மின்.

தொப்பிக்காரன் டிரெய்லரைச் சுற்றி வந்தான். திறந்த டிரம்மின் முன்னால் குந்தி, கிரீஸை ஒரு விரலில் எடுத்துக் கட்டைவிரலோடு தேய்த்தான். மேலே நிற்கும் இரண்டு புல்வெட்டிகளையும் பார்த்தான். மக்காரியோவின் மாவுக்கட்டைப் பார்த்தான். பிறகு ஃபெர்மினை விட்டுவிட்டு ஒப்துலியாவிடம் கேட்டான்.

"எந்தப் பக்கம் வேலை?"

"லாரல் மேடு."

அவன் விரலைப் புல்லில் துடைத்துக்கொண்டே எழுந்தான். "ஷூ எப்ப வரும்?" என்று ஃபெர்மினைக் கேட்டான்.

"சாயங்காலம் வாங்கிடுவேன். இன்னிக்கு ஒரே ஒரு நடை."

"அப்ப சாயங்காலமே மாட்டிக்கலாம்," என்றான் அவன். அதிகம் பேசுகிற ஆள் இல்லை. போய்ப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தான். மற்றவன் சாப்பாட்டுப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு ஃபெர்மினையும் பலகையையும் மாறிமாறிப் பார்த்தான். மக்காரியோ நகர்ந்து இடம் விட்டார். அவனும் வந்து உட்கார்ந்தான். இப்போது பலகையில் ஐந்து பேர். அது நடுவில் வளைந்தது.

ஃபெர்மினின் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. லாரல் மேட்டு வீட்டுக்காரி. விருந்தாளிகள் வருகிறார்கள், புல் இன்னும் வெட்டவில்லையே என்று கேட்டிருப்பாள். அவர் எடுத்துக் கொஞ்சதூரம் நடந்தார். ஆங்கிலத்தில் ஏதேதோ சொன்னார், கையை ஆட்டினார், திரும்பிப் பலகையைப் பார்த்தார். எலிசெயோவைத் தவிர மற்ற நால்வரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒப்துலியாவுக்கு ஆங்கிலம் பத்து வார்த்தைக்கு மேல் தெரியாது. ஆனால் அவர் குரல் இறங்கி, இல்லை மேடம், ஓட்டுநர் இல்லை, பிரேக், வண்டிக்குப் பிரேக் சரியில்லை என்று சொன்னது அவளுக்கும் புரிந்தது.

தரையைப் பார்த்துக்கொண்டிருந்த எலிசெயோ தலையைத் தூக்கினான். சனிக்கிழமைக்குப் பிறகு அவன் யார் முகத்தையும் நேராகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"என்னக்கா சொன்னாரு? பிரேக்குன்னா சொன்னாரு?"

"ஆமாடா. பிரேக்குன்னுதான் சொன்னாரு."

"வீட்டுக்காரிகிட்ட சொல்லியாச்சு," என்றார் மக்காரியோ. "இதையே இன்ஷூரன்ஸ்காரன்கிட்டயும் சொல்லட்டும். அது வரைக்கும் உக்காந்திருப்போம்."

வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. தொப்பிக்காரன் தன் பக்கத்துக் கல்லொன்றை எடுத்துப்போய், ஜாக்கி நழுவாமல் அண்டை கொடுத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தான்.